ஊன்றுகோலோடு நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு

"எக்கா, நம்ம உடல் குறையைப் பயோடேட்டாவில எழுதணுமா, வேண்டாமா?" வேலை தேடுகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

எனக்குச் சின்ன வயதில் வந்த போலியோ. வலது காலில் காலிப்பர் (காலைத் தாங்குகிற சட்டம்), கையில் ஓர் ஊன்றுகோல். ஊர் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொஞ்ச வருஷமாகப் புதிதாக ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கிற பக்கமும் என்னை உட்கார வைக்கிறார்கள். அதனால் அந்த மேசையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தனியார் வேலை என்றால் பயோடேட்டாவில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தத் தாள் உங்கள் படிப்பையும் கைத்தொழிலையும் சொல்ல வேண்டியது. ஆனால் நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றால், முந்தின நாளே நீங்களாகப் போன் செய்து சொல்லிவிடுங்கள். அரசு வேலையிலும் ஒதுக்கீட்டு இடங்களிலும் கதை வேறு. அங்கே விண்ணப்பத்திலேயே சரியாகக் குறித்தாக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் முந்தின நாள்? ஊன்றுகோலை முதன்முதலாகப் பார்க்கிறவர் மனதில் உடனே நூறு கேள்வி ஓடும். இவர் மாடி ஏறுவாரா, தினமும் வருவாரா, கீழே விழுந்தால் யார் பொறுப்பு. அந்த நேரத்தில் நீங்கள் டேலி கணக்கு மென்பொருளைப் பற்றி எவ்வளவு நன்றாகப் பதில் சொன்னாலும் அவர் காதில் பாதிதான் விழும். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கண்ணால் பார்த்தது இது. முந்தின நாளே தெரிந்திருந்தால் அந்தத் திகைப்பு அன்றைக்கே தீர்ந்துவிடும். உள்ளே போகும்போது நேராக வேலையைப் பற்றிப் பேசலாம். அதோடு, உங்கள் மார்க்கையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த முடிவு ஏற்கெனவே அவர்கள் எடுத்தது.

போனில் பேசுவது இவ்வளவு போதும்:

"வணக்கம் சார், நாளைக்குப் பத்தரை மணிக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ வரேன். எனக்கு ஒரு காலில் போலியோ, ஊன்றுகோல் வைத்து நடப்பேன். படி ஏறுவேன், கைப்பிடி இருந்தால் சுலபம். இன்டர்வியூ எந்த மாடியில் சார்?"

உடம்புக்கு என்ன, அதோடு எப்படி வேலை பார்க்கிறோம், அவர்களிடம் என்ன வேண்டும். மூன்றும் இருக்கிறதா? அவ்வளவுதான். எத்தனை வயதில் காய்ச்சல் வந்தது, எந்த வைத்தியரிடம் எண்ணெய் போட்டுத் தடவினார்கள் என்ற கதையெல்லாம் வேண்டாம். "தொந்தரவு தர்றேன், மன்னிக்கணும்" என்று ஆரம்பிக்கவே கூடாது. கையில் குறை என்றால்: "வலது கையில் விரல்கள் இல்லை, இடது கையால் எழுதுவேன், கம்ப்யூட்டரில் டைப் செய்வேன்." சக்கர நாற்காலி என்றால்: "வாசலில் படி இருக்குமா சார், வண்டி விடுகிற பக்கமாகச் சரிவு வழி உண்டா?" இதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்தும் சொல்லிப் பாருங்கள். குரல் தழுதழுக்காமல் வரும்வரை சொல்லுங்கள்.

அதே போனில் இன்னொன்றும் கேட்க வேண்டும். பெண்பிள்ளைகள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். கழிப்பறை எந்த மாடியில், வெஸ்டர்ன் உண்டா? நம் ஊரில் கீழே கடை, மேலே ஆபீஸ் என்று கட்டிய கட்டடங்கள்தான் அதிகம். மார்த்தாண்டத்திலோ திங்கள்சந்தையிலோ கடைத்தெருவில் போய்ப் பாருங்கள். ஓர் ஆள் அகலத்துக்குச் செங்குத்தாக ஒரு படிக்கட்டு, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. சில இடத்தில் அதுவும் இருக்காது. கழிப்பறை பின்பக்கம், நாலு படி இறங்கி. காலிப்பர் போட்ட காலோடு இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலைக்குப் போய் வந்து, சிறுநீர்த் தொற்றில் படுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வேலை கிடைத்தபின் தினமும் படப்போகும் பாட்டை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சக்கர நாற்காலிக்காரர்கள் தங்கள் நாற்காலியின் வெளிப்பக்க அகலத்தை இஞ்சில் அளந்து மனப்பாடமாக வைத்திருங்கள். இங்கே பாத்ரூம் கதவுகள் பெரும்பாலும் இரண்டரை அடிதான். நிலையைக் கழித்தால் அதைவிடக் குறைவு.

முடிந்தால் முந்தின நாளே அந்த இடத்தை ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். உள்ளே போக வேண்டாம். பஸ் எங்கே நிற்கிறது, அங்கிருந்து வாசல் எவ்வளவு தூரம், ஓடை மேல் போட்ட சிலாப் ஆடுகிறதா, சைடு வீல் ஸ்கூட்டரை நிறுத்த இடம் உண்டா என்று பார்த்தால் போதும்.

காகிதங்கள்

யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை எடுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே அட்டை. ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நம் மாவட்டத்துக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊனம் எத்தனை சதவீதம் என்பது டாக்டர் பரிசோதித்துப் போடுவது. அட்டையில் மஞ்சள் கோடு இருந்தால் 40 முதல் 80 சதவீதத்துக்குள், நீலம் என்றால் 80ம் அதற்கு மேலும், வெள்ளை என்றால் 40க்குக் கீழே. ஒதுக்கீடு கேட்க 40 சதவீதம் வேண்டும்.

இரண்டு விஷயத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். ஒன்று, பெயரும் இனிஷியலும். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அட்டையில் இன்னொரு மாதிரி இருந்தால் சான்றிதழ் சரிபார்க்கிற அன்று அழ வேண்டியிருக்கும். மற்றது, செல்லுபடித் தேதி. பிறவியிலோ போலியோவிலோ வந்ததற்குப் பெரும்பாலும் நிரந்தரச் சான்று கிடைத்துவிடும். தென்னையிலிருந்து விழுந்தவர்களுக்கும் விபத்தில் அடிபட்டவர்களுக்கும் தற்காலிகச் சான்று கொடுத்து ஒரு தேதி போட்டிருப்பார்கள். அந்தத் தேதி தாண்டினால் அட்டை கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இதில் சிக்கல் வந்தால் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம்.

எங்கே தேடுவது

கோணத்தில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிவு செய்து, அதில் மாற்றுத்திறனாளி என்பதையும் சேர்த்துவிடுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். பதிந்து ஓராண்டு ஆகியும் வேலை இல்லை என்றால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் 600, பன்னிரண்டுக்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனாலும் நேர்காணலுக்கு ஆட்டோ பிடித்துப் போகிற காசாவது ஆகும். அங்கேயே வெள்ளிக்கிழமைகளில் நடக்கிற சிறு வேலைவாய்ப்பு முகாம்களை, பெரிய முகாம்களைவிட நான் நம்புகிறேன். பெரிய முகாமில் வெயிலில் வரிசையில் நின்றே கால் போய்விடும். தமிழக அரசின் தனியார் வேலை இணையதளமும் உண்டு. இது எல்லாமே இலவசம். "ஊனமுற்றோர் கோட்டாவில வாங்கித் தர்றேன்" என்று பணம் கேட்கிற எவனையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

திருவனந்தபுரம் நமக்குச் சென்னையைவிட எவ்வளவோ பக்கம். அங்கே நாலாஞ்சிறையில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. வேலைவாய்ப்பு வழிகாட்டுதலும் தொழிற்பயிற்சியும் தருகிற இடம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு டெக்னோபார்க்கும் அந்தப் பக்கம்தான். தினமும் ரயிலில் போய் வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய. ஆனால் இறங்குகிற நடைமேடையிலிருந்து மேம்பாலம் ஏறாமல் வெளியே வர வழி உண்டா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு

நேர்காணல் என்றாலே நடுங்குகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்கு நேர்காணலே கிடையாது. வங்கி கிளார்க் தேர்வுக்கும் கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணியில் நமக்கு 4 சதவீத ஒதுக்கீடு. 1995 சட்டத்தில் அது 3 ஆக இருந்தது. கை, கால் பாதிப்பு உள்ளவர்களுக்கு அதில் 1 சதவீதம். டி.என்.பி.எஸ்.சி.யில் தேர்வுக் கட்டணம் இல்லை, வயது வரம்பில் 10 ஆண்டு தளர்வு.

மத்திய அரசு, வங்கி அறிவிக்கைகளில் பதவிக்கு எதிரே சில எழுத்துகள் இருக்கும். பலர் அதைப் படிக்காமலே விண்ணப்பித்து ஏமாறுகிறார்கள். ஓ.எல். என்றால் ஒரு காலில் பாதிப்பு, பி.எல். இரண்டு கால், ஓ.ஏ. ஒரு கை, ஓ.ஏ.எல். ஒரு கையும் ஒரு காலும். உங்கள் வகை அந்தப் பட்டியலில் இருந்தால்தான் அந்தப் பதவிக்கு ஒதுக்கீட்டில் போக முடியும். அதற்குப் பக்கத்தில் இன்னும் சில எழுத்துகள்: எஸ் என்றால் உட்கார்ந்து செய்வது, எஸ்.டி. நின்று செய்வது, டபிள்யூ நடப்பது, பி.என். குனிவது, எம்.எஃப். விரல்களால் கையாள்வது. அந்த வேலைக்கு என்னென்ன உடலசைவு வேண்டும் என்பதுதான் அது. தனியார் வேலைக்குப் போகிறவர்களும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். விளம்பரத்தைப் பார்த்ததும், இந்த வேலையில் எத்தனை நேரம் உட்காருவது, எத்தனை நேரம் நிற்பது, எதைத் தூக்குவது என்று நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். துணிக்கடை விற்பனை என்றால் நாள் முழுக்க நிற்பது. அதே கடையின் பில்லிங் உட்கார்ந்து செய்வது. அப்படிப் பார்த்தால் எந்தக் கதவைத் தட்டலாம் என்று தெளிவாகிவிடும்.

எழுத முடியாதவர்கள், தாங்கள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். தேர்வு அன்று கேட்டால் நடக்காது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும்.

நேர்காணல் அன்று

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை எந்த நாளிலும் தரை நனைந்திருக்கும் என்றே கிளம்புங்கள். ஊன்றுகோல் அடியில் மாட்டுகிற ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வட்ட வட்டமாகக் கோடு தெரிய வேண்டும். அது தேய்ந்து மொழுமொழு என்று இருந்தால் டைல்ஸ் தரையில் கட்டாயம் வழுக்கும். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். பையில் ஒரு பழைய துண்டு வைத்து, உள்ளே நுழையும் முன் புஷ்ஷின் ஈரத்தைத் துடையுங்கள். மழை நீரோடு பளபளக்கிற தரையில் முதல் அடி வைக்கிற இடம்தான் ஆபத்து.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்கு இலவசம். ஆனால் பஸ்ஸின் முதல் படி உயரம், காலை நேரக் கூட்டம், இரண்டையும் கணக்கில் வையுங்கள். அந்த ஒரு நாள் ஆட்டோவுக்குச் செலவழிப்பது தப்பில்லை. வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. அரை மணி முன்னால் போய் உட்கார்ந்து மூச்சைச் சமன்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் நாற்காலி. சக்கரம் வைத்த சுழல் நாற்காலியைக் காட்டினால், "சாதா நாற்காலி ஒன்று கிடைக்குமா சார்?" என்று கேளுங்கள். காலிப்பர் போட்டவர்கள் உட்காரும்போது பாரம் ஒரு பக்கமாக விழும், சக்கரம் பின்னால் ஓடிவிடும். கைப்பிடி வைத்த நாற்காலி என்றால் நல்லது. காலிப்பரின் முட்டிப் பூட்டை எப்போது திறப்பது என்பதையும் வீட்டில் பழகுங்கள். முதலில் நாற்காலியின் விளிம்பில் உட்காருங்கள். இடது கையால் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பூட்டைத் தூக்குங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வரும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அவசரப்படாமல் காலை மடக்கி வைத்துவிட்டு, ஊன்றுகோலை நாற்காலிக்குப் பக்கத்தில் கீழே படுக்க வையுங்கள். மேசையில் சாய்த்து வைத்தால் நடுவில் சரிந்து விழும். இதெல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்து "வணக்கம்" சொல்லுங்கள். அந்தப் பத்து விநாடி நிதானம் உங்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்லும்.

அப்பாவோ அண்ணனோ கூட வந்தால் அவர்கள் வெளியே இருக்கட்டும். இதில் நான் கண்டிப்பு. கூட ஒருவர் உள்ளே வந்துவிட்டால், கேள்வி கேட்கிறவர் தானாகவே அவரிடம்தான் பேசுவார். "பொண்ணு தனியா வருவாளா?" என்று அப்பாவைக் கேட்பார், அப்பாவும் பாசத்தில் பதில் சொல்லிவிடுவார். அந்த அறையில் உங்களுக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தினமும் எப்படி வருவீர்கள்? "சொந்தமாக ஸ்கூட்டர் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, மழை என்றால் பஸ்." பேங்குக்கு ஓட வேண்டி வந்தால்? "தினசரி வேலை நெட் பேங்கிங்கில் முடிந்துவிடும். செக் போட வேண்டும் என்றால் ஸ்கூட்டரில் போய் வருவேன்." மாதக் கடைசியில் வேலை கூடுமே? இந்தக் கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள், பேச்சு வேலைக்கு வந்துவிட்டது. "ஜி.எஸ்.டி. வரிக் கணக்கில் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 1, 20க்குள் 3பி. முந்தின மாதக் கடைசி வாரத்திலேயே பில்களைச் சரிபார்த்து வைத்துவிடுவேன்" என்று நான் சொன்னதும் எதிரே இருந்தவர் பேனாவை எடுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பதில் எதுவானாலும் கடைசி வாக்கியம் வேலையில் போய் முடிய வேண்டும். காலைப் பற்றிய கேள்விக்கும் அப்படித்தான்.

"எல்லாம் முடியும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முடியாததை ஒரே வரியில் சொல்லிவிட்டு மாற்றையும் சொல்லுங்கள். "ஏணியில் ஏறி ஃபைல் எடுக்க முடியாது. என் ஃபைல்கள் கீழ்த்தட்டில் இருந்தால் யாருடைய உதவியும் தேவைப்படாது." இப்படிச் சொல்கிற ஆளை நம்பலாம் என்று நான் எதிர்ப்பக்கம் இருந்து நினைத்திருக்கிறேன்.

கல்யாணம் ஆகிவிட்டதா, இது பிறவியிலேயே உண்டா, இன்னும் கூடுமா என்றும் கேட்பார்கள். "வேலையைப் பாதிக்காது சார்" என்று புன்னகையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பெரிய கடையில் என்னிடம், "கஸ்டமர் பார்க்கிற இடம்மா, உங்களை எப்படி முன்னால உட்கார வைக்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அந்தப் பேச்சு இன்றும் வலிக்கிறது. உங்களுக்கும் நேரலாம். அழுகை வந்தால் வெளியே வந்து அழுங்கள், உள்ளே ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்திருங்கள்: "இந்த வேலையில் எதை என்னால் செய்ய முடியாது என்று நினைக்கிறீர்கள் சார்?" பதில் இருந்தால் பேசலாம். பதில் இல்லை என்றால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

சம்பளம்

"பாவம், நாம ஒரு வேலை கொடுப்போம்" என்று எடுக்கிற இடத்தில் சம்பளத்தையும் பாவம் பார்த்தே போடுவார்கள். அதே வேலையை அதே ஊரில் பார்க்கிற இரண்டு மூன்று பேரிடம் கேட்டு ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அதைவிடக் குறைத்தால், "இந்த வேலைக்கு நாகர்கோவிலில் இவ்வளவு கொடுக்கிறார்கள் சார்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். வேலைக்காகப் பேரம் பேசுகிறீர்கள், உடம்புக்காகப் பேசவில்லை. முதல் வேலை என்றால் கொஞ்சம் குறைவாக ஒத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு மாதத்தில் சம்பளத்தைத் திரும்பப் பார்ப்பார்கள் என்ற உறுதியை வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

2016 சட்டப்படி எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி, எந்தப் பதவிகள் பொருந்தும் என்பதும் அதில் இருக்க வேண்டும். இதை நேர்காணல் மேசையில் தூக்கிக் காட்ட வேண்டாம். வேலை உறுதியான பிறகு எச்.ஆர். பிரிவில் "அந்தக் கொள்கையின் நகல் ஒன்று கிடைக்குமா மேடம்?" என்று கேளுங்கள். கைப்பிடி, கீழ்த்தள மேசை, வெஸ்டர்ன் டாய்லெட் என்று என்ன வேண்டுமோ அதை ஒரு மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டது மறந்துபோகும்.

சேருகிற அன்று பணி நியமனக் கடிதத்தில் பதவியும் சம்பளமும் பேசியபடி இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு விஷயத்தில் ஒன்று பலருக்குத் தெரியவில்லை, சில நேரம் ஆபீஸிலேயே தெரியாது. மற்றவர்களுக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைதான் அது பொருந்தும், மாற்றுத்திறனாளிக்கு 25,000 வரை பொருந்தும். இடைப்பட்ட சம்பளம் என்றால் யூ.டி.ஐ.டி. நகலைக் கொடுத்து முதல் மாதத்திலேயே பதியச் சொல்லுங்கள். காலிப்பர் புண்ணுக்கு மருந்து வாங்கும்போது அதன் அருமை தெரியும்.